பூச்சி கேமின் அசல் அளவு

எங்கள் அண்ணனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்க்கிறேன், வாயில் வரமாட்டேன் என்கிறது. சரி, ஒன்று சொல்கிறேன். ஆம்பூரில் அந்தக் காலத்தில் பூச்சி கேமை அவனைப் போல ஆட ஆள் கிடையாது. இதையும் வயிறெரிந்துதான் சொல்கிறேன்.

பஜாரில் செருப்புக் கடைகளுக்கு நடுவே ஒரு பாய் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. பீரோ மாதிரி உயரமான மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு திரை, கீழே ஒரு கைப்பிடி, பட்டன். அதில் ஒரு பெட்டியில் மட்டும் திரையை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருப்பார்கள். மேலிருந்து கலர் கலராகப் பூச்சிகள் வரிசை கட்டி இறங்கும். கீழே இருக்கிற நம் கப்பல் அவற்றைச் சுட வேண்டும். பெட்டியின் நெற்றியில் இங்கிலீஷில் ஏதோ பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை. ஊருக்கு அது பூச்சி கேம்.

அம்மா வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே ஷிப்டு. ஸ்கூல் விட்டால் அண்ணனோடுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. அண்ணனோ நேராக பாய் கடைக்குப் போவான். பெண் பிள்ளைகள் உள்ளே போகக் கூடாது. அப்படி யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை, ஆனாலும் போகக் கூடாது. அவன் பையையும் என் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, நான் வாசலில் கறுப்புத் திரைச்சீலையின் ஓரமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பூச்சிகள் எந்தப் பக்கம் வளைந்து வரும், எப்போது கூட்டமாகப் பாயும் என்பதெல்லாம் வாசலில் நின்றே எனக்கு மனப்பாடம். உள்ளே அவன் ஆடும்போது சுற்றி நிற்கிற பையன்கள் "மாஸ்டர், மாஸ்டர்" என்பார்கள். டாப் ஸ்கோர் வரிசையில் முதல் இடத்தில் எப்போதும் அவன் பெயரின் எழுத்துகள்தான் இருக்கும்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அண்ணா, ஒரே ஒரு வாட்டி நானும் ஆடறேண்ணா."

அவன் தன் தோஸ்த்தைப் பார்த்தான். அந்த தோஸ்த் எப்போதும் அவன் பக்கத்திலேயே நிற்கும் பையன், மசூதித் தெருக்காரன், வாயைத் திறந்தால் சிரிப்பு. இரண்டு பேரும் கண்ணால் என்னவோ பேசிக்கொண்டார்கள். "வா, ஆடு" என்றான் அண்ணன். எனக்குத் தலைகால் புரியவில்லை. பைகளைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

கைப்பிடியைப் பிடித்தேன். பூச்சிகள் இறங்கின. நான் இடது பக்கம் இழுத்தேன், கப்பல் இடது பக்கம் போனது. சுட்டேன், விழுந்தது. "அய்யோ! விழுந்திச்சு, விழுந்திச்சு!" என்று கத்தினேன். பின்னால் பையன்கள் கை தட்டினார்கள். "சூப்பர், அடி, அடி!" என்றார்கள். நான் குதித்துக் குதித்து ஆடினேன். கப்பல் வெடித்தது. மறுபடி வந்தது. மறுபடி ஆடினேன். எவ்வளவு நேரம் ஆடியிருப்பேனோ தெரியாது, கடை முழுக்க என் பின்னால் வந்து நின்றுவிட்டது. கடைசியில் பாய்தான் சிரிப்பை அடக்க முடியாமல், "அரே பாப்பா, காயினே போடலியே! அது தானா ஆடுது, டெமோ!" என்றார்.

காசு போடாத மெஷின் தன்னைத் தானே ஆடிக் காட்டிக்கொண்டிருக்கும். வருகிறவர்களை இழுக்க அப்படி ஒரு ஏற்பாடு. அது ஆடியது, நான் வெறும் கைப்பிடியை ஆட்டிக்கொண்டிருந்தேன். கப்பலும் என் கையும் எப்போதாவது ஒரே பக்கம் போயிருக்கும், அதற்குத்தான் அவ்வளவு குதியும். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, கடை கூரை பிய்ந்து போகிற மாதிரி. அண்ணன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான், பாவி.

அன்றிலிருந்து என் பெயர் டெமோ. ஸ்கூலில் டெமோ, சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போனால் டெமோ, பஸ் ஸ்டாப்பில் டெமோ. வருஷம் போனால் மறந்துவிடுவார்கள் என்று அம்மா சொன்னாள். ஆம்பூரில் பட்டப்பெயரை மறந்ததாகச் சரித்திரம் உண்டா? பல வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வாணியம்பாடியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. நான் தலை வாரி, பூ வைத்து, உள்ளே நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் கூடத்திலிருந்து, "டெமோ, காபி எடுத்துனு வா!" என்று குரல் கொடுத்தான். மாப்பிள்ளையின் அக்கா, அது என்ன பெயர் என்று கேட்டாள். அவன் கதையை முதலிலிருந்து சொன்னான், நான் குதித்ததை எழுந்து நின்று நடித்தும் காட்டினான். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இடம் அமையவில்லை. அதற்குக் காரணம் இது இல்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதே ஆட்டத்தில், அதே ஆட்கள் முன்னால், அவன் கண்ணெதிரே நான் அவனைத் தோற்கடிக்க வேண்டும். "நல்லா ஆடற" என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் வாழ்நாள் முழுக்க டெமோ என்று கூப்பிடப்பட்டுப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

ஆனால் ஆட மெஷின் வேண்டுமே. பாய் கடையை மூடிவிட்டு பெங்களூர் பக்கம் போய்விட்டார். பெட்டிகள் காயலான் கடைக்குப் போனதாகச் சொன்னார்கள்.

நான் வேலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஆம்பூரிலேயே ஒரு தோல் கம்பெனியின் ஏற்றுமதி ஆபீசில் உட்கார்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், வேலூர் பிரவுசிங் சென்டரில் எதையோ தேடப் போய் எமுலேட்டர் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தேன். பழைய கேம் மெஷின் மாதிரியே கம்ப்யூட்டரை நடிக்க வைக்கிற மென்பொருள் அது. அந்த மெஷினுக்குள் இருந்த ஆட்டத்தை அப்படியே எடுத்து இதில் போட்டால், கம்ப்யூட்டர் தன்னை அந்த மரப்பெட்டி என்றே நினைத்துக்கொள்ளும். பட்டியலில் பெயர் தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். திடீரென்று பூச்சிகள் வரிசை கட்டி இறங்கின. பிரவுசிங் சென்டர் என்றும் பார்க்காமல் "அடப்பாவி!" என்று கத்திவிட்டேன்.

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். ஆபீஸ் விட்டு வந்து ஆடினேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து ஆடினேன். ஆடினால் மட்டும் போதாது, படம் சரியாக இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பழைய திரையில் புள்ளிகள் மிகக் கம்மி. நம் வீட்டு மானிட்டரில் புள்ளிகள் ரொம்ப ஜாஸ்தி. மெஷினின் ஒரு புள்ளிக்கு மானிட்டரின் ஒரு புள்ளி என்று வைத்தால், படம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி நடுவில் நிற்கும், சுற்றிலும் கறுப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பூச்சியும் பாய் கடையில் இருந்த அதே பூச்சி, காலும் கொம்பும் பிசகாமல். சரியாக இரண்டு மடங்கு வைத்தாலும் எதுவும் கோணாது. திரை முழுக்க இழுத்துவிட்டால்தான் ஆபத்து. நெட்டுக்குத்தான படம் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். பூச்சிகள் சப்பட்டையாகும், குண்டுகள் தடிக்கும். எது எங்கே இருக்கிறது என்ற கணக்கே மாறிவிடும்.

வீட்டில் இது யாருக்குப் புரியும்? அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய பொட்டிய வாங்கிட்டு நடுவுல தபால் தலை ஒட்டி வெச்சிக்கிறியேடி" என்றாள். எங்கள் ஊர் தோல் பதனிடுகிற ஊர், ஓரத்தில் ஒரு விரல் இடம்கூடக் காலியாக விட மாட்டார்கள். ஈரத் தோலை இரும்புச் சட்டத்தில் போட்டு, ஓரமெல்லாம் கிளிப் மாட்டி, நாலு பக்கமும் இழுத்துக் காயவைப்பார்கள். டாகிள் போடுவது என்று பெயர். சட்டம் நிறைய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் கூடத்துக்கு யார் வந்தாலும் படம் திரை நிறைய இருந்தால்தான் பார்ப்பார்கள். அதனால் ஆள் இருக்கும்போது இழுத்து வைப்பேன், தனியாக இருக்கும்போது சில நேரம் அசல் அளவிலும் பெரும்பாலும் இரண்டு மடங்கிலும் ஆடுவேன்.

அண்ணன் அப்போது ஊரில் இன்னொரு தோல் கம்பெனியில் செலக்‌ஷன் டேபிளில் இருந்தான். அது மரியாதையான வேலை. வடக்குப் பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் பதனிட்ட தோலை விரித்துப் பார்த்து, கீறல், உண்ணிக் கடி, நரம்புக் கோடு எல்லாம் கண்டுபிடித்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். அவன் போட்ட தரத்தை நம்பித்தான் வெளிநாட்டுக்குச் சரக்கு ஏறும். பழைய தோஸ்த்தும் அங்கேதான், பக்கத்து டேபிளில். அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு சரக்கு திரும்பி வந்தது. முதல் தரத்தில் கீறல் தோல் கலந்திருந்ததாம். யார் டேபிளில் நடந்தது என்று தெரியாமல் இரண்டு பேர் தலையிலும் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. இதை அண்ணன் வீட்டில் சொல்லவில்லை, தோஸ்த்தான் உளறினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனின் கூட்டாளிகள் எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. பாய் கடையில் என் பின்னால் நின்று சிரித்த அதே முகங்கள், இப்போது தொப்பையும் மீசையுமாக. பிரியாணியும் கத்தரிக்காயும் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தன. அதற்குள் நான் கம்ப்யூட்டரைத் திறந்து பூச்சி கேமைப் போட்டுவிட்டேன். கூடம் முழுக்க ஒரே கூச்சல்.

"டேய், நம்ம பூச்சி கேம்டா!"

"மாஸ்டர், வா வா, இங்க உக்காரு!"

அண்ணன் வந்தான். தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தான். சில வருஷங்களாகவே அவன் எதையும் நேராகப் பார்ப்பதில்லை. ஆள் பேசினாலும் காதைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். திமிர். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"நானும் ஆடறேன், நீயும் ஆடு," என்றேன். "யாரு ஜாஸ்தி எடுக்கறாங்கன்னு பாப்போம்."

"டெமோ சவால் வுடுதுடோய்!" என்றான் தோஸ்த். எல்லாரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்.

அண்ணன் முதலில், "கீபோர்டுல எவன் ஆடுவான்? கைப்பிடி வேணும்" என்றான். மேஜை டிராயரைத் திறந்து, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த ஜாய்ஸ்டிக்கை எடுத்து மாட்டினேன். "சத்தம் கேக்கலயே" என்றான். ஸ்பீக்கரைத் திருகினேன். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான்.

படம் திரை நிறைய இழுத்துத்தான் இருந்தது. பூச்சிகள் எல்லாம் சப்பட்டை சப்பட்டையாக இறங்கின. "இதுங்க நமக்கு முன்னாலயே பிரியாணி சாப்ட்டு வந்த மாதிரி கீதுடா" என்று ஒருவன் சொன்னான். சும்மா சொல்லக் கூடாது, அண்ணனுக்குப் பழைய பழக்கம் போகவில்லை. வரிசை வருவதற்கு முன்பே கப்பல் அந்த இடத்துக்குப் போய்விடும். ஆனால் பூச்சி போடுகிற குண்டுகளுக்கு அவன் நகரவே இல்லை. நேராகப் போய் வாங்கிக்கொண்டான். சீக்கிரமே ஆட்டம் முடிந்தது. கூட்டம் "ஹோ" என்றது.

"இன்னா மாஸ்டர், அவ்ளோதானா?" என்றான் தோஸ்த்.

அண்ணன் கைப்பிடியை மேஜைமேல் தள்ளினான். "இது ஆட்டமாடா? படத்த இழுத்து வெச்சிக்கிறா, பாரு. டாகிள் போட்ட தோலு மாதிரி. இழுத்த மாலுக்கு நான் கிரேடு போட மாட்டேன். பாய் கடைல இருந்த ஒரிஜினல் சைசுல குடுக்கச் சொல்லு, ஆடறேன்."

எல்லாரும் தோல்காரர்கள், உடனே தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது நியாயமான பேச்சு. அதிலே இன்னொன்றும் இருந்தது. ஒரு தடவை இழுத்துக் காய்ந்த தோல், கிளிப்பைக் கழற்றினால் கொஞ்சம் சுருங்கும், பழைய அளவுக்குத் திரும்பவே திரும்பாது. இழுத்தது இழுத்ததுதான். அண்ணன் படத்தையும் அப்படித்தான் நினைத்தான். ஒரிஜினல் இனி எங்கே கிடைக்கப் போகிறது, மானம் தப்பியது என்று சாய்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் இந்தக் கோணலுக்காகத்தான் மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"ஒரிஜினல்தான வேணும்? இரு," என்றேன்.

இரண்டு மடங்கு வைத்திருக்கலாம். நான் வழக்கமாகப் பழகியதும் அதில்தான். வைக்கவில்லை. அவன் கேட்டது ஒரிஜினல், நான் கொடுத்ததும் ஒரிஜினல், புள்ளிக்குப் புள்ளி. படம் சட்டென்று சுருங்கி மானிட்டரின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நின்றது, சுற்றிலும் கறுப்பு. கூட்டம் முன்னால் குனிந்தது. "அடேங்கப்பா, அதே பூச்சிடா! காலு கூடத் தெரியுது பாரு!" என்றார்கள்.

அண்ணன் தலையை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டே போனான். பிறகு வலது கையை நீட்டி, கட்டை விரலால் திரையைத் தடவினான். மெதுவாக, மேலிருந்து கீழாக. தோலில் கீறல் தேடுகிறவர்கள் தடவுகிற மாதிரியே தடவினான்.

"இன்னாடா, கண்ணாடில போய் உண்ணிக் கடி தேடற?" என்று யாரோ கேட்டார்கள். மறுபடி சிரிப்பு. தோஸ்த் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அதை நான் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் வரிசையிலேயே கப்பல் வெடித்தது. அடுத்த கப்பல் வந்ததே தெரியாதது போல் உட்கார்ந்திருந்தான், அதுவும் போனது. கடைசிக் கப்பலுக்குச் சும்மா பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஆட்டம் முடிந்தது. சின்னப் பிள்ளைகூட அதைவிட அதிக நேரம் ஆடும். கூடம் சிரித்த சிரிப்பில் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். கையில் அப்பளம் பொரித்த கரண்டி. என்னையும் திரையையும் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. "போதும், சாப்ட வாங்க" என்றாள். யார் கேட்டார்கள்?

"எழுந்திரு" என்றேன் அண்ணனிடம்.

நான் உட்கார்ந்தேன். அந்த உள்ளங்கை அளவு படத்தில்தான் ஆடினேன். வரிசை வரிசையாக அடித்தேன். சிரித்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. பிறகு என் பக்கம் கத்த ஆரம்பித்தார்கள். "அடி! வுடாத! லெப்ட்ல வருது பாரு!" பாய் கடையில் அவன் வைத்திருந்த டாப் ஸ்கோர் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அதைத் தாண்டியபோது தோள்களைப் பிடித்து உலுக்கினார்கள். ஒருவன் "மாஸ்டர்!" என்றான், என்னைப் பார்த்து. கடைசிக் கப்பல் போனபிறகு நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான்.

"பாத்தியா?" என்றேன்.

"நல்லா ஆடற" என்றான். சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "என்னைவிட நல்லா ஆடற."

அன்றைக்குச் சாப்பிட்ட பிரியாணி போல் நான் பிறகு சாப்பிட்டதில்லை. அவர்கள் கிளம்பும்போது ஒருத்தனும் என்னை டெமோ என்று சொல்லவில்லை. "வர்றோம் மாஸ்டர்" என்றார்கள். நான் வாசலில் நின்று ராணி மாதிரி கை ஆட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் அண்ணனின் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு தோஸ்த் வந்தான். அண்ணன் வரவில்லை. தோஸ்த் உட்காரவும் இல்லை, வாசலிலேயே நின்று சொன்னான்.

"தங்கச்சி, நான் ஒண்ணும் தப்பா செய்யல. டேபிள்ல அவன் தடவித் தடவித்தான் கிரேடு போடுவான். ஸ்டைலுன்னு நெனச்சினு இருந்தேன். நேத்து கம்ப்யூட்டர தடவினான் பாரு, அப்பதான் தெரிஞ்சுது. எனக்கும் பிள்ளைங்க கீது. திரும்பி வந்த மால் என் தலைல உழுந்துட்டா நான் எங்க போவேன்? மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

மேனேஜர் என்ன செய்தார் என்பதையும் அவனே சொன்னான். செலக்‌ஷன் ஹாலில் எல்லாரையும் நிறுத்தி, அண்ணன் முன்னால் தோல்களை விரித்திருக்கிறார். "கையைப் பின்னால கட்டிக்க. தொடாம பாத்துச் சொல்லு" என்றிருக்கிறார். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி, முதல் தரம் என்றிருக்கிறான். அடுத்ததும் முதல் தரம். அடுத்ததும். நடுவில் கத்திக் கீறல் ஓடுகிற தோலை விரித்து அதையும் கேட்டார்களாம். அதுவும் முதல் தரம். ஹாலில் சிலர் சிரித்தார்கள் என்றான் தோஸ்த். தான் சிரிக்கவில்லை என்று இரண்டு தடவை சொன்னான். பழைய ஆள் என்பதால் வெளியே அனுப்பவில்லையாம், சுண்ணாம்புத் தொட்டிக்கு மாற்றிவிட்டார்களாம். மயிர் நீக்கத் தோலை ஊறப்போடுகிற இடம் அது. அங்கே கண் வேண்டாம், முதுகு இருந்தால் போதும்.

அம்மா டியூட்டி முடிந்து வந்ததும் கேட்டேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் கண்ணு நடுவுல கெட்டுப் போச்சுடி. ஓரம் தெரியும், நடுவுல எத பாத்தாலும் மங்கிடும். கண்ணாடி போட்டா சரியாவற விஷயம் இல்ல. எங்க ஆஸ்பத்திரியிலயே எல்லா டாக்டரும் பாத்துட்டாங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"உன் வாய்க்கு பயந்துதான். ஊருக்கே சொல்லிடுவன்னு அவன் சொன்னான். கடைசில இன்னா ஆச்சு? வாயே தொறக்காம ஊருக்கே காட்டிட்ட." செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். "அவ்ளோ ஆத்திரமாடி உனக்கு?"

ஆமாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆமாம்தான். எனக்குத் தெரியாது, தெரிந்து செய்யவில்லை, இதில் என் தப்பு என்ன? டெமோ என்று அத்தனை வருஷம் கூப்பிட்டவனுக்காக நான் எதற்கு அழ வேண்டும்? நன்றாக யோசித்தால் எனக்கு அவன் டேபிள் போனதற்காகக்கூட அவ்வளவு வலிக்கவில்லை. இன்னொரு விஷயம் மனசில் விழுந்து குடைய ஆரம்பித்திருந்தது. அதை அவனிடமே கேட்டுவிடத் துடித்தேன்.

சில நாள் அவன் என்னோடு பேசவில்லை. சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய் வந்ததில் விரல் நுனியெல்லாம் வெந்து தோலுரிந்திருந்தது. இனிமேல் தடவிப் பார்க்கவும் முடியாது. ஒரு சாயங்காலம் பின்பக்கத்துக் குழாயடியில் உட்கார்ந்து விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன். காலடிச் சத்தத்தை வைத்து என் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, அன்னிக்கு நான் ஆடினத நீ பாத்தியா?"

"நல்லா ஆடினன்னு சொன்னனே."

"பாத்தியான்னு கேட்டேன்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கையால் துழாவி ஓரமாக நகர்த்தினான். "சுத்தி கறுப்பா இருந்துச்சு. அது நல்லா தெரிஞ்சிது. நடுவுல ஒண்ணும் இல்ல."

"வேணும்னா பெருசா போடறேன். திரை முழுக்க இழுத்துப் போடறேன். இன்னொரு வாட்டி ஆடறேன், பாரு."

"எவ்ளோ பெருசா போட்டாலும் நான் பாக்கற எடம் போய்டும்."

எனக்கு அழுகை வந்தது. அவனுக்காக இல்லை, எனக்காகத்தான். ஊர் முழுக்கப் பார்த்தது, எவன் பார்க்க வேண்டும் என்று அத்தனை வருஷம் காத்திருந்தேனோ அவன் பார்க்கவில்லை. "அப்போ எதுக்கு நல்லா ஆடறன்னு சொன்ன? பாக்காமயே எதுக்குச் சொன்ன?" என்று கத்தினேன்.

அவன் என் காதுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்.

"நீ அதுக்குத்தான காத்துனு இருந்த. குடுத்துட்டேன். போ."